ஓமனில் புயல், வெள்ளம் வந்தால் அரசு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது? தம்பி வேலைக்குப் போகிறான்

உப்பனாற்றங்கரை (கடலூர் முதுநகர்)

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு ஓமனில் வெல்டர் வேலை கிடைத்திருக்கிறது. சோஹாருக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி. விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறான். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பாலைவனத்தில் மழையே கிடையாது, ஐப்பசி கார்த்திகை வந்தால் ஒரு பிள்ளையைப் பற்றியாவது கவலைப்படாமல் தூங்கலாம் என்கிறார்.

எதற்கும் பார்ப்போம் என்று தேடினால் 2007-இல் கோனு, 2010-இல் ஃபெட், 2018-இல் மெக்குனு, 2021-இல் ஷாஹீன் என்று வரிசையாகப் புயல் வருகிறது. 2024 ஏப்ரலில் பள்ளிப் பிள்ளைகள் போன வண்டியையே வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. இத்தனைக்கும் வருடம் முழுக்க ஓடும் பெரிய ஆறு ஒன்றுகூட அந்த நாட்டில் இல்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. 2004 சுனாமியில் சிங்காரத்தோப்பில் சொந்தக்காரர்களைப் பறிகொடுத்தோம். தானே புயல் அடித்த அன்று எங்கள் ஓட்டு வீட்டுக்குள்ளிருந்து வானம் தெரிந்தது. ஃபெஞ்சல் சமயத்தில் காற்றும் மழையும் அடங்கி, அப்பாடா என்று உட்கார்ந்த பிறகு தென்பெண்ணையில் வந்த தண்ணீர்தான் பெரியம்மா வீட்டை முழுக்கியது. அதனால் 'தயார் நிலையில் இருக்கிறோம்' என்று டிவியில் சொன்னால் அதை எவ்வளவு நம்பலாம் என்று எங்களுக்குத் தெரியும்.

பேரிடர்க் கொள்கை, தேசியத் திட்டம் என்று காகிதத்தில் எல்லா நாட்டிலும் இருக்கும். அங்கே நடைமுறை எப்படி? எச்சரிக்கை கொடுப்பது யார்? அரபி தெரியாத ஆளுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? கம்பெனி கேம்பில் இருப்பவர்களை வெளியேற்றுவது யார் பொறுப்பு? அங்கே இருந்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'பணக்கார நாடு, ஒன்றும் ஆகாது' என்ற பதில் மட்டும் வேண்டாம். அதை ஏஜெண்டே சொல்லிவிட்டார்.

பலாக்கொட்டை (பண்ருட்டி)

பாலைவனத்தில் வெள்ளம் வருகிறதாம், எங்கள் ஊர் ஏரி பாலைவனமாகக் கிடக்கிறது. நல்ல நியாயம்!

சும்மா சொன்னேன் அக்கா. என் மச்சான் மஸ்கட்டில் டிரைவர். மழை என்றால் ஓமானிகள் வண்டியை எடுத்துக்கொண்டு வாதியை, அதாவது மழைக்கு மட்டும் ஓடும் காட்டாற்றை, வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள், அதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள் என்பான். பழைய மஸ்கட்காரர் அண்ணன் இந்தப் பக்கம் வந்தால் விவரமாகச் சொல்வார்.

பழைய மஸ்கட்காரன் (திருப்பாதிரிப்புலியூர்)

கூப்பிட்டுவிட்டீர்கள், இனி நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். தங்கச்சி, நான் அங்கே நிறைய வருடம் சர்வேயராக இருந்தவன். சாலை, கல்வெர்ட், மழைநீர் வடிகால், இதுதான் வேலை. கோனு அடித்தபோது மஸ்கட்டில்தான் இருந்தேன்.

முதலில் ஆபத்து எது என்று சொல்லிவிடுகிறேன். அங்கே போட்ட திட்டம் எல்லாம் அதைச் சுற்றித்தான். கடலூரில் புயல் என்றால் நமக்கு முதல் பயம் காற்று, அப்புறம் கடல். அங்கே முதல் பயம் வாதி. வருடம் முழுக்கக் கூழாங்கல்லும் வேலமரமுமாகக் காய்ந்து கிடக்கும் ஆற்றுப்படுகைதான் வாதி. பின்னால் ஹஜர் மலை, மூவாயிரம் மீட்டர் வரை போகும், மொட்டைப் பாறை. மண் இருந்தால்தானே தண்ணீரைக் குடிக்கும்? பெய்தது அத்தனையும் அப்படியே இறங்கும். மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒரு குறுகலான சமவெளி. பர்கா, சுவைக், கபூரா, சஹம், சோஹார் எல்லாம் அந்தப் பட்டையில்தான் இருக்கின்றன. மலையில் மழை பெய்துகொண்டிருக்கும், கேம்பில் வெயில் அடிக்கும், துணி காயப்போட்டுக்கொண்டிருப்பான், தண்ணீர் வந்துவிடும். 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை பெருகி வீடுகளோடு ஆட்களைக் கொண்டுபோனதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மஸ்கட்டில் ஒரு வருடத்துக்கே 100 மி.மீ. அளவுதான் மழை. ஷாஹீனில் கபூராவில் ஒரே நாளில் கொட்டியது 369 மி.மீ. ஃபெஞ்சலில் புதுச்சேரி 46 செ.மீ. வாங்கியது, தவித்தது, ஆனாலும் அது மழை தெரிந்த ஊர். கபூராவுக்கு அது மூன்று நான்கு வருடத்து மழை.

கோனு 2007 ஜூனில் வந்தது. அரபிக்கடலில் அதுவரை பதிவான புயல்களிலேயே வலுவானது. மசீரா தீவில் ஆயிரக்கணக்கானவர்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். அப்படியும் நாட்டில் சுமார் 50 பேர் இறந்தார்கள், சேதம் 400 கோடி டாலர் என்றார்கள். மஸ்கட்டில் வாதி அதாய், குரும் பக்கம் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. எனக்கு அதைவிட நினைவில் நிற்பது குடிநீர்தான். அந்த ஊர் குடிப்பது கடல்நீரை நன்னீராக்கிய தண்ணீர். குப்ரா, பர்கா இரண்டு ஆலைகளும் முடங்கியதும் தலைநகரமே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது. பள்ளிவாசல் ஓரமாக லாரி வந்து நின்றால் ஓமானி முதீர் (மேனேஜர்), எங்கள் போர்மேன், வங்கதேசத்துச் சட்டோகிராம் பையன் எல்லோரும் ஒரே வரிசை. வெள்ளத் தடுப்பு என்று பேசும்போது நாம் அணை, கரை என்றுதான் யோசிக்கிறோம். ஒரு பாலைவன நாட்டுக்கு நன்னீர் ஆலையும் அதற்குப் போகும் மின்சாரமும்தான் உயிர்நாடி என்பது அன்றைக்கு அதிகாரிகளுக்கும் உறைத்தது.

அமைப்பு கோனுவுக்கு முன்பே இருந்தது. 1988-லேயே சிவில் பாதுகாப்புக்கு ஒரு தேசியக் குழு போட்டுவிட்டார்கள். பிற்பாடு அது அவசரநிலை மேலாண்மைக்கான தேசியக் குழு ஆனது. போலீஸ் தலைமை அதிகாரிதான் அதற்கும் தலைவர். வேலையைப் பிரிவு பிரிவாகக் கொடுத்திருக்கிறார்கள். முன்னெச்சரிக்கை ஒருவருக்கு, தேடல் மீட்பு ஒருவருக்கு, மருத்துவம், நிவாரணமும் தங்குமிடமும், குடிநீர் மின்சாரம் சாலை, ஊடகத் தகவல், இறந்தவர் காணாமல்போனவர் விவரம், அபாயகரமான ரசாயனம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆள். ரசாயனத்துக்குத் தனிப் பிரிவு என்பதைச் சிப்காட் காற்றைச் சுவாசிக்கும் நாம் கொஞ்சம் கவனிக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், புயல் வரும் அன்று 'இது யார் வேலை' என்ற சண்டை இருக்காது. எந்தச் சாலை மூட வேண்டும், எந்த ஊர் காலியாக வேண்டும் என்பதெல்லாம் ஒரே வாயிலிருந்து வரும். ஷாஹீனுக்கு 2021 அக்டோபர் 3, 4 இரண்டு நாளும் விடுமுறை விட்டார்கள், அரசு அலுவலகத்துக்கு மட்டும் இல்லை, தனியாருக்கும் சேர்த்து. உங்கள் தம்பிக்கு அந்த 'தனியாருக்கும்' என்ற சொல்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் கேம்ப் வாசலில் கம்பெனி பஸ் வந்து நிற்கும், ஏறாதவனுக்குச் சம்பளம் பிடிப்பார்கள். எச்சரிக்கை காதில் விழுவது வேறு, அதன்படி வீட்டில் இருக்க முடிவது வேறு.

கட்டுமானம் பற்றி நான் பேசாவிட்டால் எப்படி? அங்கே அணை மூன்று வகை. ஒன்று தண்ணீர் தேக்க. குரையாத் பக்கம் வாதி தைகா அணை 10 கோடி கன மீட்டர் பிடிக்கும், நம் வீராணம் ஏரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இன்னொன்று நிலத்தடி நீருக்கு. 1985-இல் கட்டிய அல் கூத் அணை அந்த வகை. வெள்ளத்தை நிறுத்தி, வண்டல் அடங்கிய பிறகு மெதுவாக விடுவார்கள், கீழே சரளையில் இறங்கும், கடல் உப்பு உள்ளே ஏறாது. உப்பு ஏறிய கிணறு நம் கடற்கரைக் கிராமங்களிலும் எத்தனை இருக்கிறது, இந்த யோசனை இங்கே ஏன் வரவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. மூன்றாவது வகை வெள்ளத்தை அடக்க மட்டும். அமராத்தில் கோனுவுக்குப் பிறகு கட்டினார்கள், கீழே இருக்கும் வாதி அதாய் குடியிருப்புகளைக் காப்பாற்ற. வருடம் முழுக்க அது காலியாகத்தான் கிடக்கும். காலியாக ஓர் அணையைக் கட்டிவைக்க ஓர் அரசுக்குத் துணிச்சல் வேண்டும். 'தண்ணீரே இல்லை, இதற்கு இவ்வளவு செலவா' என்று கேட்காத ஊர் உண்டா?

அப்புறம் சாலை. எல்லா வாதிக்கும் மேம்பாலம் கட்டக் கட்டுப்படியாகாது. உட்சாலைகளில் நம் ஊர் தரைப்பாலம் மாதிரி வாதி சாலைக்கு மேலேயே ஓடும். ஓரத்தில் வெள்ளையும் சிவப்புமாகக் கம்பம் நட்டிருப்பார்கள். தண்ணீர் சிவப்பைத் தொட்டால் வண்டியை இறக்கக் கூடாது. மீறி இறங்கினால் அபராதம், சிறை, சட்டத்திலேயே இருக்கிறது. இருந்தும் வருடா வருடம் சாகிறவர்களில் பலர் வண்டிக்குள் இருந்தவர்கள்தான். பெரிய டயர் வண்டி, போன தடவை கடந்த தைரியம். என்னைக் கேட்டால் அந்தச் சட்டத்தைவிடப் பெரிய பாதுகாப்பு, மழை அன்று தரைப்பாலத்தின் இரண்டு முனையிலும் குறுக்கே நிற்கும் ஒரு போலீஸ் பிக்கப்.

இனி குறைக்கு வருகிறேன். வறண்டு கிடக்கும்போது வாதி ஓரம் போல் ஒரு நல்ல இடம் கிடையாது. சமமாக, சரளை இறுகி, நிரவாமலே கேம்ப் போடலாம், லாரி நிறுத்தலாம், இரும்பு அடுக்கலாம். நாலைந்து வருடம் தண்ணீர் வராவிட்டால் அது ஆறு என்பதே மறந்துபோகும். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனி தன் கேம்பை அப்படித்தான் போட்டிருந்தது. லெவல் வைத்துப் பார்த்தால் பக்கத்துச் சாலையைவிட ஆளுயரம் தாழ்வு. எழுதிக் கொடுத்தேன். 'புராஜெக்ட் முடியும்வரைதானே' என்று பதில் வந்தது.

அரசாங்கம் பெரிய ஊர்களைச் சுற்றி நன்றாகவே செய்திருக்கிறது. ஷாஹீனில் வீடிழந்தவர்களுக்கு சுவைக், கபூரா பக்கம் புது வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் கேம்பில் இருப்பவன் குடிமகன் இல்லை. நாட்டில் பத்துக்கு நான்கு பேர் அவனைப் போன்ற வெளிநாட்டவர். அவன் எங்கே தூங்குகிறான் என்பதைக் கம்பெனி தீர்மானிக்கிறது. ஷாஹீனில் ருசைல் தொழிற்பேட்டையில் தொழிலாளர்கள் தங்கியிருந்த இடத்தின்மேல் மலை சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். எந்த வானிலை ராடாரும் அந்தத் தங்குமிடத்தை நகர்த்தியிருக்காது. தேசியத் திட்டத்தின் நல்லது கெட்டது எனக்கு அந்த இடத்தில்தான் தெரிகிறது.

தம்பியின் கேம்ப் எந்த இடம் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

வில்லியனூர் வாத்தியார் (புதுச்சேரி)

நல்ல பதில். நான் புவியியல் நடத்துகிறவன், இரண்டு மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

ஷாஹீன் எங்கே பிறந்தது தெரியுமா? நம் வங்காள விரிகுடாவில். 2021 செப்டம்பர் கடைசியில் குலாப் என்ற பெயரில் ஆந்திரா, ஒடிசா எல்லையோரம் கரை ஏறி, வலுவிழந்து, நாட்டைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலில் மறுபடி வலுப்பெற்று, கத்தார் கொடுத்த பெயரோடு ஓமனுக்குப் போனது. நம்மை அடித்த ஃபெஞ்சலுக்குப் பெயர் கொடுத்தது சவூதி அரேபியா. புயல் ஆலோசனைக் குறிப்புகளும் இரண்டு பக்கத்துக்கும் டெல்லி வானிலை மையத்திலிருந்துதான் போகின்றன. ஆக, தகவல் என்ற அளவில் மஸ்கட்டும் கடலூரும் ஒரே பள்ளிக்கூடம்.

சுனாமியும் அங்கே உண்டு. பாகிஸ்தான், ஈரான் கரையை ஒட்டி மக்ரான் என்ற பகுதியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றுக்குக் கீழே இறங்குகிறது. 1945 நவம்பரில் அங்கே 8.1 ரிக்டர் அளவில் நிலநடுக்கம் வந்து சுனாமி எழுந்தது. 2004-இல் சுமத்ராவிலிருந்து நமக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, சொல்வதற்குத்தான் ஆளில்லை. மக்ரானில் எழும் அலை ஓமன் கரையைத் தொட அவ்வளவு நேரம்கூட இருக்காது. அதனால்தான் யுனெஸ்கோ உதவியோடு 2015 மார்ச்சில் மஸ்கட்டில் பல்வகை அபாய முன்னெச்சரிக்கை மையம் தொடங்கினார்கள். புயல், திடீர் வெள்ளம், சுனாமி மூன்றும் ஒரே கூரைக்குக் கீழ்.

அதே மாதம்தான் ஜப்பானில், பேரிடர் ஆபத்தைக் குறைக்க உலக நாடுகள் சேர்ந்து செய்த செண்டாய் உடன்பாடு ஏற்பட்டது. 2015 முதல் 2030 வரைக்கும். அதில் ஓர் இலக்கு, ஒவ்வொரு நாடும் தேசிய அளவிலும் உள்ளூர் அளவிலும் பேரிடர் குறைப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும், 2020-க்குள். தேசிய அளவை எல்லோரும் எழுதிவிடுவார்கள், ஆலோசனைக் கம்பெனிக்குக் கொடுத்தால் ஆறு மாதத்தில் பளபளப்பாக வந்துவிடும். 'உள்ளூர் அளவிலும்' என்பதில்தான் வழுக்குகிறது. நம் மாவட்டத் திட்டத்தைக் கலெக்டர் அலுவலகத்துக்கு வெளியே எத்தனை பேர் படித்திருக்கிறோம்? நான் மாணவர்களுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன், பாதிப் பேர் 'அப்படி ஒன்று இருக்கிறதா சார்' என்றார்கள்.

நெய்தல்வாசி (தேவனாம்பட்டினம்)

சும்மா ஓமனைத் தூக்கி வைத்துப் பேசாதீர்கள். அங்கே மக்கள்தொகையே ஐம்பது லட்சம் அளவுதான். கடலூர் மாவட்டம் ஒன்றிலேயே 26 லட்சம். எண்ணெய்ப் பணம் இருக்கிறது, சுல்தான் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இங்கே சுடுகாட்டுப் பாதைக்கே பத்து மனு கொடுக்க வேண்டும். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் அது எந்த எண், அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் அப்பா தலைமுறைக்குத் தெரியும். இப்போது எல்லோரும் போனையே பார்க்கிறார்கள், கடலைப் பார்ப்பதில்லை. ஒப்பிடவே கூடாது என்பேன்.

பழைய மஸ்கட்காரன்

நெய்தல்வாசி தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் பணம் மட்டும்தான் காரணம் என்றால் ஒடிசாவை என்ன சொல்வது? 1999 புயலில் பத்தாயிரம் பேர் வரை செத்த மாநிலம். 2013-இல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள், சாவு சில பத்துகளோடு நின்றது. அங்கே எண்ணெய்க் கிணறும் இல்லை, சுல்தானும் இல்லை.

மறுபக்கம், பணம் இருந்தும் 2024 ஏப்ரலில் என்ன ஆனது? அல் முதைபி பகுதியில், சமத் அல் ஷான் என்ற ஊரில், பள்ளி முடிந்து வந்த பிள்ளைகளின் வண்டி வாதியில் போனது. அந்த மழையில் இறந்தவர்கள் 20 பேர் அளவில். ராடார் இருந்தது, மையம் இருந்தது, மழை எச்சரிக்கையும் இருந்தது. அன்று பள்ளி நடந்தது. மறுநாளிலிருந்துதான் பல மாகாணங்களில் மூடினார்கள். அன்றைக்கே ஏன் மூடவில்லை என்று அந்த நாட்டு மக்களே கேட்டார்கள்.

நாம் இங்கே 'கலெக்டர் லீவு விட்டுட்டாரா' என்று விடியற்காலையில் போனை நோண்டும் பிள்ளைகளைக் கேலி செய்கிறோம், வெயில் அடித்தால் கலெக்டரையும் சேர்த்துக் கேலி செய்கிறோம். அந்த லீவுதான் நம்மிடம் இருக்கும் மிக நல்ல, மிக மலிவான பேரிடர்க் கொள்கை. பத்து முறை விட்டு ஒன்பது முறை வெயில் அடித்தாலும் எனக்குச் சம்மதம்.

நம்மிடம் எதுவுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தானேயில் கம்பம் எல்லாம் சாய்ந்து வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம். அதன் பிறகு உலக வங்கிக் கடனில் கடலூர் நகரத்தில் மின்கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோனார்கள். தோண்டிய பள்ளத்துக்காக அப்போது நானும் எவ்வளவு திட்டியிருப்பேன்! கம்பி அறுந்து விழுந்து ஆள் சாகும் பயம் அந்தத் தெருக்களில் இல்லை. நாம் சறுக்குவது தண்ணீரில்தான். 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். அவ்வளவு தண்ணீர் கடலூர் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அந்த மணி நேரங்களில் ஆற்றங்கரைத் தெருக்களுக்கு வாசலில் வந்து யார் சொல்வது என்பதுதான் கேள்வி. வாதிக்கு இருப்பதெல்லாம் நிமிடக் கணக்கு. நமக்கு மணிக் கணக்கு இருக்கிறது.

கூண்டு பற்றிச் சொன்னது சரி. எனக்கும் ஏழாம் எண் என்றால் வயிற்றைக் கலக்கும்.

சலாலா அக்கா (லாஸ்பேட்டை)

நான் கணவரோடு சலாலாவில் இருந்தேன், மெக்குனுவை முழுசாகப் பார்த்தவள். 2018 மே 25 ராத்திரி. 24 மணி நேரத்தில் 278 மி.மீ. பெய்தது, சலாலாவுக்கு அது இரண்டு வருட மழைக்கும் மேல்.

அரபி தெரியாதவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். அறிவிப்பு அரபியிலும் ஆங்கிலத்திலும் வரும். எங்கள் தெருவில் போலீஸ் வண்டி ஒலிபெருக்கியோடு போனது, அதில் ஒருவர் இந்தியிலும் சொன்னார். மற்றபடி கைகொடுத்தது நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழு. மலையாளி மளிகைக்கடைக்காரர் ஒருவர் ஒவ்வொரு அறிவிப்பையும் மலையாளத்தில் பேசி அனுப்புவார், அதை நான் தமிழில் பேசி எங்கள் குழுவில் போடுவேன். வதந்தியும் அதே வழியில்தான் வந்தது. 'அணை உடைந்துவிட்டது' என்று ஒரு ஆடியோ, பாதி ஊரை எழுப்பிவிட்டது. அங்கே வதந்தி பரப்பினால் வழக்கு வரும், அது தெரிந்தும் அனுப்புகிறார்கள்.

தாழ்வான இடத்தில் இருந்தவர்களைப் பள்ளிக்கூடங்களுக்கு மாற்றினார்கள். எங்களையும் ஒரு பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். பாய், தண்ணீர், பிரியாணிப் பொட்டலம் எல்லாம் வந்தது. யாரும் விசா, பத்தாக்கா (அடையாள அட்டை) கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சையில் இருந்தவர்களைப் புயலுக்கு முன்பே விமானத்தில் மஸ்கட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். நம் ஊரில் வெள்ளம் ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகுதான் ஸ்ட்ரெச்சர் தேடுவோம்.

குறை என்றால், எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஆட்கள் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். அவர்களைப் பள்ளிக்கு அழைத்துப்போக அவர்கள் கம்பெனி வண்டி வரவில்லை. எங்கள் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு ஓமானிப் பையன் ஒருவனும்தான் இரண்டு மூன்று நடையாகக் கொண்டுபோய் விட்டார்கள். அண்ணன் சொன்ன விஷயம்தான்.

உப்பனாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. அண்ணே, தம்பி ஏஜெண்டிடம் கேட்டான். கேம்ப் சோஹாரில் இல்லை, சஹமுக்குத் தெற்கே, கபூரா போகிற வழியில். கம்பெனி வண்டியில்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டுமாம். செயற்கைக்கோள் வரைபடத்தில் பார்த்தேன். கேம்புக்கு மேற்கே அகலமாக வெளுத்த ஒரு பட்டை மலையிலிருந்து கடல் வரைக்கும் வருகிறது. ஏஜெண்ட் அது 'பழைய ரோடு' என்கிறார். அங்கே ஏற்கெனவே இருக்கும் நெய்வேலிப் பையன் ஒருவனின் நம்பர் கிடைத்திருக்கிறது. அவனிடம் என்ன கேட்க வேண்டும்?

பழைய மஸ்கட்காரன்

அது ரோடு இல்லை தங்கச்சி. அவ்வளவு அகல ரோடு சுல்தான் அரண்மனைக்கே கிடையாது.

பயப்பட வேண்டாம், வாதி பக்கத்தில் இருப்பதாலேயே மூழ்கும் என்று இல்லை. சில இடத்தில் கம்பிவலைக்குள் கல் அடுக்கிக் கரை கட்டியிருப்பார்கள், சில கேம்ப் மேட்டில் இருக்கும். நெய்வேலிப் பையனிடம் கேட்க வேண்டியது இதுதான். ஷாஹீன் சமயத்தில் கேம்புக்குள் தண்ணீர் வந்ததா, வந்தால் எதுவரை? சுவரில் கறை இருக்கும். வெள்ளையடித்திருந்தால் பக்கத்து மளிகைக்கடைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள், கடைக்காரர் மறக்கமாட்டார், அவருக்குச் சரக்கு போயிருக்கும். கேம்ப் மாடிக் கட்டடமா, தகரமா? மாடிக்குப் போகும் படி இரவில் பூட்டிக் கிடக்குமா? தங்குமிடமாக அறிவிக்கும் பள்ளி எது, அங்கே நடந்து போக முடியுமா, நடுவில் வாதி குறுக்கிடுகிறதா? கேம்ப் பாஸ், அதாவது கேம்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர், எந்த ஊர்க்காரர்? கடைசிக் கேள்வி அசட்டுத்தனமாகத் தெரியும். நடுராத்திரியில் உங்கள் தம்பி எந்த மொழியில் கேட்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

போனில் 9999 பதிந்து வைக்கச் சொல்லுங்கள், அவசர எண். வானிலைத் துறை, அவசரநிலைக் குழு இரண்டின் பக்கங்களையும் தொடரட்டும். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தால் நகல் போனில் இருக்கட்டும். வேலைக்குப் போகும் வண்டி வாதியில் இறங்கப் பார்த்தால் இறங்கி நிற்க அவனுக்கு உரிமை உண்டு, சட்டம் அவன் பக்கம்.

உப்பனாற்றங்கரை

நெய்வேலிப் பையனிடம் பேசிவிட்டேன் அண்ணே. கேம்ப் 2022-இல் கட்டியதாம், அதனால் கறை எதுவும் இல்லை. கடைக்காரர் கோழிக்கோட்டுக்காரர். ஷாஹீனில் அவர் கடையில் தண்ணீர் ஃப்ரிட்ஜ் வரைக்கும் ஏறியதாம். கேம்ப் இரண்டு மாடி. மேல்மாடி அறைகளில் சீனியர்கள், புதிதாக வருபவர்களுக்குக் கீழ்தளம். படியில் பூட்டு இல்லை.

பழைய மஸ்கட்காரன்

அப்படியானால் கேம்ப் பாஸிடம் முதல் நாளே பேசி மேல்மாடியில் ஒரு கட்டில் கேட்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், மழை எச்சரிக்கை வந்த ராத்திரிகளில் மட்டும் பாயை எடுத்துக்கொண்டு மேல்மாடி வராந்தாவில் படுக்கட்டும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நெய்வேலிப் பையனையும் கூட அழைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். சிங்காரத்தோப்பைப் பார்த்தவர், தாங்குவார்.